கூட வந்த நாலு பேருக்கும் ஒரு பெட்டி

டாக்டர்களின் மண்டைக்குள் இருப்பதைக் கம்ப்யூட்டர் பெட்டிகளுக்குள் இறக்கி வைப்பதுதான் என் பிழைப்பு. 'இந்த நோய்க்கு இதைக் கேள், இந்தப் பதில் வந்தால் இதைச் செய்' என்று அவர்களே நிரப்ப ஒரு சாப்ட்வேர். பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்ச நான். டாக்டரிடம் வேலை வாங்கிப் பார்த்த புண்ணியவான்களே, உங்களுக்காவது என் கஷ்டம் புரியும்.

மாதக் கடைசிக்குள் வயிற்றுவலிப் பக்கங்கள் முடியாவிட்டால் என்னைச் சென்னைக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். எனக்குக் கல்யாணமாகி மூன்றே மாதம். மனைவிக்குப் பசுமலைப் பள்ளியில் வேலை. கவலையில் எனக்கே வயிறு வலித்தது.

கட்டாயம் நிரப்பவும்

எனக்கு வாய்த்த டாக்டர் ஜெசிந்தா, திரையில் வயிற்றுவலிக்கென்று இருந்த அறுபது பெட்டிகளையும் ஒரே மத்தியானத்தில் நிரப்பிவிட்டார். துள்ளிக் குதித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அறுபதிலும் ஒரே வாசகம்: 'ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.' அழாத குறையாக ஏனென்று கேட்டேன்.

"ஆளைப் பாக்காம மருந்து சொல்ல நான் என்ன கிளி ஜோசியமா பாக்குறேன் தம்பி?"

யார் சொன்ன பதில்?

ஒருவழியாக எல்லாவற்றையும் நிரப்ப வைத்தேன். 'நோயாளியின் பதில்' என்ற இடத்தில் டாக்டர் மறுபடி மல்லுக்கு நின்றார். கூட வந்தவர்களுக்கும் தனித்தனிப் பெட்டி வேண்டுமாம். இல்லாவிட்டால் ஒப்புதல் தரமாட்டாராம். உலகத்தில் எங்குமே அப்படிக் கிடையாது என்று மேனேஜர் போனில் மறுத்துவிட்டார். அதை அப்படியே வந்து சொன்னேன். ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் முத்துலட்சுமி அக்கா தலையைக்கூடத் திருப்பவில்லை.

"உங்க மேனேஜரு ஆஸ்பத்திரிக்குத் தனியாத்தான் போவாராக்கும்? பாவம், நாதியில்லாத மனுசன்."

சமயநல்லூர்ச் சாட்சி

கடைசி நாள் மேனேஜரே நேரில் வந்துவிட்டார். சமயநல்லூர்க்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் மனைவி, அம்மா, அண்ணன், மச்சினன். டாக்டர் கேட்கக் கேட்க, பதில்களை மேனேஜர் கம்ப்யூட்டரில் தட்டினார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்கு "ரெண்டு இட்லிதான்" என்று முனகினார் அவர். கம்ப்யூட்டர் உடனே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று அடுக்கியது. மேனேஜர் முகம் மலர்ந்தது. அந்த மனைவி அழவே ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் திரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற மச்சினனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கே மச்சினன் உண்மையைக் கக்கிவிட்டார்.

"இட்லி காலையில டாக்டரம்மா. மத்தியானம் கெடாவெட்டுல மச்சான் மூணு பந்தியிலயும் உக்காந்தாரு. அம்புட்டுக்கும் கறி பரிமாறுனதே நாந்தேன்."

மேனேஜர் அங்கேயே 'கூட வந்தவர்கள் சொன்னது' என்று நாலு பெட்டிகளைச் சேர்க்க, டாக்டர் அன்றைக்கே ஒப்புதல் தர, யாரோ ஒருவர் மூன்று பந்தி சாப்பிட்ட புண்ணியத்தில் நான் இன்னும் பசுமலையிலேயே குடித்தனம் நடத்துகிறேன்.