ஒரு நாள் தள்ளி வெச்ச ஷூட்

நாமக்கல்ல எந்த ஜிம்முக்குள்ள நுழைஞ்சாலும் சுவத்துல தொங்குற ஒடம்புல பாதி நான் எடுத்ததுதான். பேரு டோனி, சேலம் சூரமங்கலம். கல்யாணம், காதுகுத்து, சர்ச்சுல புள்ளைங்களுக்குக் குடுக்கற புதுநன்மைன்னு எடுத்துக்கிட்டிருந்தவன், ஆறு வருஷமா ஜிம்காரங்களுக்கும் கோச்சுங்களுக்கும் விளம்பரப் படம் எடுக்கறேன். போர்டுக்கு, நோட்டீசுக்கு, இன்ஸ்டாவுக்கு. இதப் போயி கலைன்னு யாராவது சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். பக்கவாட்டுல ஒரு லைட்டு, ஒடம்புல கொஞ்சம் தேங்காயெண்ணெய், அவ்வளவுதான் நான் செய்யறது. மீதியெல்லாம் எதிர்ல நிக்கற பையன் வயித்தக் காயப்போடறது.

என்னப் பத்திப் பேச இங்க ஒண்ணுமில்ல. சொல்ல வந்தது தனசேகரப் பத்தி.

தனசேகருக்கு நாமகிரிப்பேட்டை. அவங்கப்பா சடையன் மஞ்ச மண்டியில மூட்ட தூக்கறவரு. இவனும் பள்ளிக்கூட லீவுல தூக்கினவன்தான். அப்புறம் நாமக்கல்ல வெள்ளியங்கிரிங்கற ஆளோட ஜிம்முல கோச்சா சேந்தான். வெள்ளியங்கிரிக்கு போர்வெல் போடற ரிக் வண்டிதான் தொழில், ஜிம்மு சும்மா கௌரவத்துக்கு. டம்பெல்லுக்கும் தோசக்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது அந்தாளுக்கு. ஆனா வாசல் போர்டுல கையக் கட்டிக்கிட்டு நிக்கறது அவருதான். அந்தப் படத்த எடுத்ததும் நான்தான், தொப்பையக் கம்ப்யூட்டர்ல கொறச்சதும் நான்தான்.

ஜிம்முக்கு வர்றவங்க கேக்கறது தனசேகரத்தான். சக்கரைக்காரங்க, முட்டி வலிக்காரங்க, எல்லாரும் அவன்கிட்டத்தான் வருவாங்க. மாடிப்படி ஏற முடியாத சென்னியம்மாள்னு ஒரு லாரி ஓனரம்மாவ அஞ்சே மாசத்துல ஏற வெச்சான். அந்தம்மா அவன சாமி சாமின்னுதான் கூப்புடும். கத்தமாட்டான், மெரட்டமாட்டான். கூட நின்னு எண்ணுவான், அவ்வளவுதான்.

இத்தன பண்ணியும் அந்த எடத்துல அவன் பேரு எங்கயும் கெடையாது. சொந்த ஊர்ல, உரக்கட மாடியில, தனியா ஒரு ஜிம்மு போடணும்னு முடிவு பண்ணான். என்ன வந்து பாத்தான்.

"ஒரே ஒரு படம் போதுமுங்ணா. ஊர்ல போர்டு வெக்கோணும். பாக்கறவன் வண்டிய நிறுத்திப் பாக்கோணும். மூட்ட தூக்கறவன் பையன்னே சொல்லிட்டிருக்கறாங்க. அந்தப் பேச்சு நிக்கோணுமுங்."

ஷூட்டுக்கு முன்னாடி எல்லாருக்கும் நான் வாட்ஸாப்புல ஒரு லிஸ்ட் அனுப்புவேன். அவனுக்கும் வியாழக்கெழம அனுப்புனேன். உப்பு சேக்காதீங்க. வெள்ளிக்கெழம காலையிலேர்ந்து தண்ணிய நிறுத்துங்க, ஒதட்ட மட்டும் நனைச்சுக்கங்க. ஷூட் முடியறவரைக்கும் குடிக்காதீங்க. அப்பத்தான் தோலு ஒட்டி நரம்பு தெரியும். நான் என்ன டாக்டரா? எவனோ ஒரு பெங்களூர்க்காரன் வீடியோவுல சொன்னத எழுதி வெச்சுக்கிட்டேன். சில பசங்க ஒண்ணுக்குப் போற மாத்திரையும் போடுவாங்க. அத நான் எழுதறதில்ல, போடலாமான்னு கேட்டா வேண்டாம்னும் சொல்றதில்ல.

ஷூட்டு ஞாயித்துக்கெழம காலையில. சனிக்கெழம சாயந்தரம் எங்க சர்ச்சுப் பங்குல இருந்து போன். புதுநன்மைக்குப் படமெடுக்க வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல், நீ வந்துருன்னாங்க. பங்குல கேட்டா மறுக்க முடியுமா. தனசேகருக்கு ஒரு மெசேஜ் போட்டேன். தம்பி, சர்ச்சுல வேல வந்துருச்சு, திங்கக்கெழம மத்தியானம் வெள்ளியங்கிரி ஜிம்மு சாத்தியிருக்கறப்ப அங்கயே வெச்சுக்கலாம். ஒரு கட்டவெரல் வந்துச்சு. தண்ணியக் குடின்னு நான் எழுதல. எழுதணும்னு தோணவே இல்ல. வெள்ளச் சட்டையும் மெழுகுவத்தியுமா நின்ன புள்ளைங்கள ஞாயித்துக்கெழம முழுக்கச் சிரிக்கச் சொல்லிப் படமெடுத்துட்டு, கறிச்சோறு தின்னுட்டுப் படுத்தேன். மே மாசம் அது, வீட்டுக்குள்ளயே அனல் அடிச்சுது.

திங்கக்கெழம போனா அவன் நிக்கறான். கண்ணு உள்ள போயிருந்துச்சு, ஒடம்பு மட்டும் செதுக்கி வெச்சாப்புல. என்னப்பா, ஞாயித்துக்கெழமையாவது குடிச்சியான்னு கேட்டேன்.

"ஷூட் முடியறவரைக்கும்னுதானுங்ணா போட்டிருந்தீங்க."

அங்கயே கேமராவ மூடியிருக்கணும். நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்குது இப்ப நெனச்சா. அன்னிக்கு நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இப்படி ஒரு ஒடம்பு இனி கெடைக்காதுன்னு நெனச்சேன். ஒதடு வெடிச்சிருந்துச்சு, வேசலின் தடவச் சொன்னேன். தண்டால் எடுக்கச் சொன்னேன், எடை தூக்கச் சொன்னேன், சதை பொடச்சு நிக்கணுமே. ஒண்ணேகா மணி நேரம். கெண்டக்காலு இழுத்துக்கிச்சுன்னு உக்காந்தான். இன்னும் ஒண்ணு தம்பி, ஒண்ணே ஒண்ணுன்னேன். எந்திரிச்சு நின்னான். என் தொழில்ல நான் எடுத்த நல்ல படம் அதுதான்.

கீழ வண்டிகிட்டப் போனவன் அப்படியே சரிஞ்சான். சேலத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கிட்னி ரெண்டும் வேல செய்யலைன்னாங்க. தண்ணியில்லாம காஞ்ச ஒடம்ப அந்தப் பாடுபடுத்தினா வேற என்ன ஆகும்னு டாக்டரு சத்தம் போட்டாரு. அவனும் மாத்திர போட்டிருக்கான். கேக்காமயே போட்டிருக்கான். உள்ள அவன் கெடக்கறப்ப நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு செஞ்ச மொத காரியம், அந்த லிஸ்ட்ட அழிக்கப் பாத்தது. அனுப்பி நாளாயிருச்சாம், என் போன்ல மட்டும்தான் அழிஞ்சுது. அவன் போன்ல அப்படியேதான் கெடந்துச்சு.

போன கிட்னி திரும்பல. வாரத்துக்கு மூணு தடவ டயாலிசிஸ். வெள்ளியங்கிரி ஒரு தடவ ஆப்பிளோட வந்து பாத்தாரு. மறுநாள் எனக்குப் போன் பண்ணி, நம்ம எடத்துல எடுத்த படம்தானேன்னாரு. வாய மூடிக்கிட்டு அனுப்பி வெச்சேன். இப்ப நாமக்கல்ல அந்த ஜிம்மு பேருக்குக் கீழ தனசேகர் நிக்கறான், இருவது அடி ஒயரத்துல. ரோட்டுல போறவன் வண்டிய நிறுத்தித்தான் பாக்கறான். உரக்கட மாடியில யாரோ டியூசன் எடுக்கறாங்க.

நாலு மாசம் கழிச்சு அவன் ஊட்டுக்குப் போனேன். அதுவரைக்கும் போறதுக்குத் தைரியம் இல்ல. கட்டில்ல உக்காந்திருந்தான். அந்தக் கை காலப் பாக்க முடியல என்னால. ஒரு நாளைக்கு இத்தனதான் தண்ணின்னு டாக்டரு அளவு சொல்லியிருக்காராம், அவன் சம்சாரம் இலக்கியா சின்ன டம்ளர்ல ஊத்தி ஊத்திக் குடுக்குது. கட்டி ரெண்டு வருசம்தான் ஆச்சு அந்தப் புள்ளைக்கு.

அது என்னப் பாத்து நேராக் கேட்டுச்சு. "நீங்க இந்தத் தொழில்லயே இருக்கறீங்க, உங்களுக்குத் தெரியாம இருக்காதுங்ணா. தண்ணி குடிக்கக்கூடாதுன்னு இவருக்கு யாருங்ணா சொன்னது? எத்தன தடவ கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. போனத் தேடிப் பாத்தேன், ஒண்ணுமே இல்லீங்."

என்னால அழிக்க முடியாத லிஸ்ட்ட அவனே அழிச்சிருக்கான். நான்தாம்மான்னு சொல்ல வேண்டியதுதான். ரெண்டு வார்த்த. அதச் சொல்லத்தான் வந்தேன்னு பஸ்ஸு பூராவும் நெனச்சுக்கிட்டு வந்தவன் நான்.

தனசேகர் முந்திக்கிட்டான். "யாரும் சொல்லல புள்ள. நானா யூட்யூப்ல பாத்துப் பண்ணுனது."

சொல்லிட்டு என்னப் பாத்தான். கோவமா பாத்திருந்தாக்கூடத் தாங்கிக்கிட்டிருப்பேன். சாதாரணமாத்தான் பாத்தான்.

"ஆமாம்மா," அப்படின்னேன் நான். "இப்பத்தப் பசங்க கண்டதையும் அதுல பாத்துட்டு, நம்மகிட்ட ஒரு வார்த்த கேக்கறதில்ல."

இலக்கியா தலையில அடிச்சுக்கிச்சு. தனசேகர் அதப் பாத்து, "அண்ணன் அத்தன தூரத்துலேர்ந்து வந்திருக்கறாரு, டீ போட்டுக் குடு" அப்படின்னான்.

பெரிய டம்ளர்ல வந்துச்சு. அவன் பாத்துக்கிட்டே இருந்தான், நான் முழுசும் குடிச்சேன்.