உச்சி வெயிலைப் பார்க்காதவள்

கடலோர விடுதித் தொழிலில் நாம் வாடகைக்கு விடுவது அறையை அன்று, சன்னலை.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் அமர்ந்து, சாவியைக் கொடுத்து வசவை வாங்கிப் பழகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் பின்வருவனவற்றைப் படிக்குமுன் சில செய்திகளை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் தமிழிலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவள். பிறந்தது நாஞ்சில் நாட்டு வயற்கரை ஊர் ஒன்றில், மீன் சமைக்காத வீட்டில். என் தம்பி கன்னியாகுமரியின் கிழக்குக் கரையில் பன்னிரண்டு அறைகள் கொண்ட மூன்று மாடி விடுதி ஒன்றை நடத்துகிறான். நான்கு ஆண்டுகளாக அதன் வரவேற்பு மேசை என் பொறுப்பு. விடுதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணற்பரப்பு உண்டு. அதில் மரிய புஷ்பம் என்பவரும் அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐவரும் பாய் விரித்து நெத்திலி காயவைப்பார்கள். விடுதிக்குக் கால் நாட்டுவதற்கு முன்பிருந்தே அவர்கள் அங்கே இருந்தார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், நான் வைத்துக்கொள்ளவில்லை.

தட்டப்படும் கதவுகள்

எங்கள் ஊர் விடுதிகளில் ஒரு வழக்கம் உண்டு. சூரியன் உதிப்பதற்கு அரைமணி நேரம் முன்பாக எல்லா அறைக் கதவுகளும் தட்டப்படும். விருந்தினர் எழுப்பச் சொல்லியிருந்தாலும் தட்டுவோம், சொல்லாவிட்டாலும் தட்டுவோம். இதற்காகவே ஆண்டு முழுமைக்கும் உதய நேரம், மறைவு நேரம் இரண்டையும் இரு பத்திகளாகக் கோடிட்டு எழுதி, மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்திருந்தேன். பக்கத்து விடுதிக்காரர்கள்கூட என்னிடம் ஆளனுப்பிக் கேட்டுப் போவார்கள். அதில் எனக்கு இருந்த பெருமை சிறிதன்று.

அறைகளைப் பார்த்துக்கொள்ளும் தங்கராஜ் விடுப்பில் போன ஒரு நாள், நானே மாடியேறித் தட்டினேன். ஏழாம் எண் அறை திறக்கவில்லை. கடமை தவறக் கூடாதென்று மீண்டும் தட்டினேன். மூன்றாம் முறை பெயர் சொல்லியும் அழைத்தேன். உள்ளே குழந்தை வீறிட்டது. போர்வையைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்த கோயம்புத்தூர்க்காரர் கைகூப்பியபடி சொன்னார்: "அம்மா, சூரியன் எங்க ஊர்லயும் தினமும் வருதுங்க. தூக்கந்தானுங்க வர்றதில்ல, அதுக்குத்தான் இங்க வந்தோம்."

மேகத்துக்குப் பொறுப்பு

ஐப்பசி மழைக்காலத்தில் உதயம் தெரியாமற் போனால் விருந்தினர் நம்மிடந்தான் சினம் கொள்வார்கள். இது உங்கள் எல்லாருக்கும் நேர்ந்திருக்கும். நான் ஒரு பலகை எழுதி மாட்டினேன்: 'மேகமூட்டத்திற்கு விடுதி நிர்வாகம் பொறுப்பன்று.'

மதுரையிலிருந்து வந்த குடும்பத் தலைவி ஒருவர் பலகையை இருமுறை படித்தார். பிறகு அதற்குப் பக்கத்தில் நான் முன்பே மாட்டியிருந்த மற்றொரு பலகையைச் சுட்டிக்காட்டினார். அதில், 'அறையிலிருந்தபடியே சூரியோதயம் கண்டு மகிழலாம்' என்று எழுதியிருந்தேன். சுட்டிய விரலை எடுக்காமலே கேட்டார்: "மேகத்துக்குப் பொறுப்பில்லன்னா, சூரியனுக்கு மட்டும் எப்பிடி மேடம் பொறுப்பெடுத்தீங்க?"

ஒரு மாத விருந்தினர்

மார்கழியில் பெங்களூரிலிருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் மனைவியுடன் வந்து, ஒரு மாதம் தங்குவதாகச் சொன்னார். வெயிலும் கடற்காற்றும் ஒத்துக்கொண்டால் இங்கேயே வீடு பார்த்துக் குடியேறுவது அவர் திட்டம். பெங்களூர்க் குளிரில் மனைவியின் முழங்கால் மடங்குவதில்லையாம். நாள்தோறும் கதவு தட்டப்படுமுன்பே எழுந்து காத்திருப்பார். நான் எழுதிவைத்த நேரத்தைத் தம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, "கரெக்ட் மேடம்" என்று மேசையருகே வந்து சொல்லிவிட்டுப் போவார். இப்படி ஒருவர் நம் ஊரைத் தேர்ந்தெடுத்தால் அது என் வெற்றியே என்று எண்ணத் தொடங்கினேன்.

ஐந்தாம் நாள் அவர் முகம் சுளித்தபடி வந்தார். கீழே மணலில் புஷ்பமும் மற்றவர்களும் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்களின் சிரிப்பு எங்கள் மேசைவரை கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்த ஊர் சொர்க்கம் மேடம், அந்த வாடை மட்டும் இல்லாட்டி."

மனு

அன்று பிற்பகலே கடற்கரை மீனவர் ஊர்க் கமிட்டிக்கு ஒரு மனு எழுதினேன். நாற்பது வரி. ஒரு சொல் மிகையில்லை. ஓரிடத்தும் அடித்தல் திருத்தல் இல்லை. மீன் காயவைக்கும் இடத்தை விடுதிக்கு வடக்கே என் தம்பி வாங்கிப் போட்டிருக்கும் காலி மனைக்கு மாற்றிக்கொள்ளுமாறு வேண்டினேன். வாடகை எதுவும் வேண்டாம் என்றும் எழுதினேன். எழுதும்போது என்னை ஒரு கொடையாளியாகவே கருதிக்கொண்டேன்.

அதில் இரண்டு குற்றங்கள் இருந்தன. முதலாவது, 'விருந்தினர் பலர் குறை கூறுகின்றனர்' என்று எழுதியது. குறை கூறியவர் ஒருவரே. மற்றொருவர் வாய் திறக்காமல் நான்காண்டுகளாக மூக்கைப் பொத்தியவர், அது நான். இரண்டாவது, 'அந்த மனையில் நல்ல வெயில் விழுவதை நேரில் கண்டேன்' என்று எழுதியது. கண்டது உண்மை. உதயம் பார்க்கப் போன விருந்தினருடன் நானும் இறங்கி, காலை ஆறே முக்கால் மணிக்கு அங்கே நின்றேன். மனை முழுவதும் பொன்னாக இருந்தது.

கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் என் மனுவை ஒருமுறை வாசித்தார். எழுந்து நின்றிருந்த புஷ்பம் என்னைப் பார்த்து, "அங்க வெயிலு உண்டுமா டீச்சரே?" என்று கேட்டார். உண்டு என்றேன். "டீச்சரு பாத்துச் சொன்னா பின்ன என்னத்துக்குப் பேச்சு" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். செயலாளர்தாம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி சொன்னார்: "நல்லா எழுதியிருக்கிய டீச்சரே. இத வாசிச்சா நாங்க நாறுதோமோன்னு எங்களுக்கே தோணுது."

காய்வது எது?

மறுநாளே ஆறு பெண்களும் பாய்களைச் சுருட்டிக்கொண்டு மனைக்குப் போனார்கள். மணல் தூய்மையாயிற்று. என் தம்பி நாகர்கோவிலுக்குப் போய் எட்டு வண்ணக் குடைகளும் சாய்வு நாற்காலிகளும் வாங்கி வந்து மணலில் நிறுத்தினான். பொறியாளர் ஒரு குடையின் கீழ் அமர்ந்து கையசைத்தார்.

பத்து நாள்களுக்குப் பின் ஒருநாள், தங்கராஜ் துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டே, தமக்குத் தாமே பேசுவதுபோல, மனையில் பெண்கள் பாயை இழுத்து இழுத்துப் போடுகிறார்கள் என்றார். ஏன் என்றேன். அவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை: "பத்து மணிக்கு மேல அங்க காயியது மீனு இல்ல டீச்சர், நம்ம கெட்டிடத்துக்க நிழலு."

உச்சி வெயில்

நான் குடை எடுக்காமல் இறங்கி வடக்கே போனேன். நண்பகல். மனைக்குத் தெற்கே எங்கள் மாடி. மேற்கே வேறொரு விடுதியின் மாடி. மார்கழிச் சூரியன் தெற்கே சாய்ந்து நடப்பவன் என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் மாடியின் நிழல் குறுகிய அந்த மனையில் பெரும்பகுதியை மூடியிருந்தது, மிச்சத்தைப் பிற்பகலில் மேற்கு மாடியின் நிழல் மூடிவிடும். நான்கு ஆண்டுகளில் ஒருநாள்கூட இந்தத் தொழிலில் நான் நண்பகல் வானத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. நம் விருந்தினர் யாரும் அதைக் கேட்பதில்லை. ஆகவே என் தாளில் அதற்குப் பத்தியும் இல்லை.

புஷ்பம் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். குழித்துறைச் சந்தையின் மொத்த வியாபாரி ஒருவர் எட்டு ஆண்டுகளாக அவரிடம் சரக்கு எடுக்கிறார். மற்றவர்களின் சாக்கை அவிழ்த்து, கைவிட்டுக் கிளறிப் பார்ப்பவர், புஷ்பத்தின் சாக்கை அவிழ்க்காமலே வண்டியில் ஏற்றிவிடுவாராம். சென்ற வாரமும் அப்படியே ஏற்றிப் போனார். சந்தையில் அவிழ்த்தபோது புழு. நெத்திலிக்கு முழுப் பகல் வெயில் வேண்டும். அரைகுறையாகக் காய்ந்தால் வெளியே விறைத்து, உள்ளே ஈரம் நிற்கும். மூன்று சாக்கும் அதே வண்டியில் திரும்பி வந்திருந்தன. அவற்றில் ஒன்றின்மேல்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனவள் நான். காலையில் வந்து பார்த்தேன், வெயில் இருந்தது என்று மட்டும் சொன்னேன். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பிள்ளைக்கு விளக்குவதுபோலப் பொறுமையாகச் சொன்னார்: "காலம்பற வெயிலு படம் பிடிக்கத்தான் ஆவும் டீச்சரே. மீனுக்கு உச்சி வெயிலு வேணும்."

கேட்கப்படாதவர்

மாத முடிவில் பொறியாளரும் மனைவியும் அறையைக் காலி செய்தார்கள். கணவர் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்க, மனைவி சாவியைக் கொடுக்க வந்தார். முப்பது நாள்களில் அவருடன் நான் பத்துச் சொற்களுக்குமேல் பேசியதில்லை. இங்கே வீடு பார்ப்பதாக இருந்தீர்களே என்று கேட்டேன். அதற்கு அவர், மொட்டைமாடியில் கால்நீட்டி வெயிலில் உட்கார்ந்து, அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் கேலி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன், பாதி புரியாது, ஆனாலும் நானும் சிரிப்பேன் என்றார். திடீரென்று ஒருநாள் மணலில் யாரும் இல்லையாம். எட்டுக் குடை மட்டும் நின்றதாம்.

'விருந்தினர் பலர்' என்று நான் எழுதியது ஓர் அறையில் பாதிப் பேர்தாம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அவர் கோபமில்லாமலே சொன்னார்: "அவருக்கு அது வாடை, எனக்கு அது பேச்சுத்துணை. நீங்க அவரைத்தான் கேட்டீங்க மேடம், என்னைக் கேக்கலையே."

இரண்டாம் மனு

பொறியாளரை எண்ணித் தள்ளிப்போட்டுவந்த அடுத்த மனுவை அன்று உச்சிப் பொழுதிலேயே எழுதினேன். பன்னிரண்டு வரி. ஆறிடத்தில் அடித்தல். 'பலர் என்று எழுதியது பொய். குறை கூறியவர் ஒருவர். வெயிலைக் காலையில் மட்டும் பார்த்துவிட்டு நாளெல்லாம் உண்டென்று உறுதி சொன்னது என் பிழை. மணற்பரப்பு அவர்களுடையது, திரும்ப அவர்களுக்கே ஆக வேண்டும்.' தம்பி குடைகளைக் காட்டி, "அக்கா, உனக்கு என்ன கோட்டியா, கிறுக்கா?" என்றான். கமிட்டிக் கூட்டத்தில் மனுவைப் பிறரிடம் கொடுக்காமல் நானே எழுந்து நின்று வாசித்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளை நிற்க வைத்து வாசிக்கச் சொன்னவளுக்கு, நின்று வாசிக்கையில் பன்னிரண்டு வரி இவ்வளவு நீளும் என்று தெரிந்திருக்கவில்லை. புஷ்பம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் தாளை வாங்கிப் பார்த்தார்: "மொதல்ல உள்ளதுக்க அழகு இதுல இல்ல டீச்சரே. ஆனா இது நாறல்ல."

குடைகள்

பெண்கள் பாயோடு மணலுக்குத் திரும்பிய காலையில் குடைகள் நட்டபடியே நின்றன. தங்கராஜும் நானும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். ஐந்தாம் குடை வரமாட்டேன் என்று நின்றது. நான் இழுத்த இழுப்பில் மணலில் மல்லாந்து விழுந்தேன். பெண்கள் சிரித்தார்கள், எனக்கு அந்தச் சிரிப்பு தேவையாகவே இருந்தது. புஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை. கைகொடுத்து என்னைத் தூக்கிவிட்டு, குடையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "எனக்கொரு சம்சயம் டீச்சரே, வெயிலத் தேடி வாற ஆளுவளுக்குக் குடை என்னத்துக்கு?"

பின்னர் முடிவானவை

மணற்பரப்பு மீன் காயவைப்பதற்கே என்று கமிட்டி எழுதிக் கொடுத்துவிட்டது. ஆறு பெண்களில் நால்வர் திரும்பினர். இருவர் அதற்குள் வேறு கரைக்குப் போய்விட்டனர்.

எட்டுக் குடைகளும் மாடிப்படியின் கீழ் உள்ளன. தம்பி என்னுடன் மீண்டும் பேசுகிறான், குடைகளைப் பற்றித் தவிர.

பொறியாளர் தம்பதியர் இங்கே வீடு வாங்கவில்லை.

சூரியனுக்குப் பொறுப்பேற்ற பலகையைக் கழற்றிவிட்டேன். மேகத்தின் பலகை இருக்கிறது. விரும்புவோர் சொன்னால் மட்டுமே கதவு தட்டப்படுகிறது.

என் தாளில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது: எங்கள் கட்டடத்தின் நிழல் எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு, எதுவரை விழும் என்பது.

குழித்துறை வியாபாரி புஷ்பத்திடம் மறுபடியும் சரக்கு எடுக்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் சாக்கை அவிழ்த்து, கைவிட்டுக் கிளறிப் பார்த்த பிறகே ஏற்றுகிறார்.

புஷ்பம் என்னிடம் நேரம் கேட்பதுண்டு. நான் சொன்னதும் ஒருமுறை வானத்தை நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறார்.

உதயத்தையும் மறைவையும் நொடி பிசகாமல் சொல்லிப் பெயர் வாங்கிய எனக்கு, இரண்டுக்கும் நடுவே ஒரு பகல் உண்டு என்பதைக் கற்பிக்க மூன்று சாக்கு நெத்திலி புழுத்துப்போக வேண்டியிருந்தது.