கசப்புத் தாளும் ஒப்புதல் படிவமும்

மாணவர்களின் குடும்ப விவரம் கேட்டால், பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் ஏழு நாளுக்குள் வந்துசேர வேண்டும் என்பது விதி. ஓய்வுபெற்ற பிறகு தாராவியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மரபியல் சொல்லித்தந்தபோது, அந்தப் படிவத்தை நானே தயாரித்தேன். பிள்ளைகள் ரசாயனம் தோய்த்த கசப்புத் தாளை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். சிலருக்குக் கசக்கும், சிலருக்கு வெறும் காகிதம்; அது பரம்பரையாக வருவது. வீட்டில் யார் யாருக்குக் கசக்கிறது என்று வம்ச வரைபடம் போட்டுக் கண்காட்சியில் மாட்ட வேண்டும்.

படிவத்தில் நான் எதையும் விடவில்லை. பூர்வீகம், தாய்மாமன்கள், அத்தைகள், பரம்பரை நோய்கள் எல்லாம் கேட்டிருந்தேன். எல்லாருடையதும் வந்துவிட்டது, மிக அழகாக வரைந்திருந்த பெண்ணுடையது மட்டும் வரவில்லை. கையெழுத்து இல்லாவிட்டால் அவள் படம் சுவரேறாது. நினைவூட்டல் கடிதமும் அனுப்பினேன்.

“அதுதான் சார் தப்பாப் போச்சு,” என்றாள். “பொண்ணு கேட்டு காயிதம் வந்திருக்குன்னு அம்மா நெனச்சிட்டா. ரெண்டாவது லெட்டரப் பாத்துட்டு, மாப்பிள்ளை வீட்ல ரொம்ப ஜல்தியா இருக்காவன்னு சொல்லுதா.”

“ப்ராஜெக்ட்டுன்னு சொல்லேன்மா.”

“சொன்னேன் சார், நம்பல. ஆடியில வேணும்னும் சொல்லக்கூடாது, வேண்டாம்னும் சொல்லக்கூடாதாம்.”

இத்தனை வருட அலுவலக அனுபவத்தில் ஆடி மாதத்துக்கு ஒரு விலக்கு எழுத எனக்குத் தோன்றியதில்லை. கையெழுத்தும், ‘பிள்ளை படிப்பை முடிக்கட்டும், பிறகு பேசலாம்’ என்ற ஒரு வரியும் கண்காட்சிக்கு முதல் நாள் வந்துசேர்ந்தன. அன்று ஆவணி ஒன்று.