சுமைதாங்கியில் வைத்த சாப்பாடு

இதை நான் இட்டுக்கட்டவில்லை. என் மனைவி ஷாரோன் சாட்சி. எழுத மனமில்லை. அப்படியும் எழுதுகிறேன்.

1991, ஏப்ரல் மாதம். அப்போது எங்கள் வீடு ஒரு பழைய மெட்டடார் வேன்தான். பின்னால் அலுமினியப் பாத்திரங்கள், நடுவில் பாய், ஓரத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ். ஊர் ஊராகப் போய் விற்போம், வேனிலேயே தூங்குவோம். ஷாரோனுக்கு ஏழாம் மாதம். ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்துவிட்டது. இதாவது தங்க வேண்டுமே என்று பள்ளம் பார்த்து ஒதுங்கி வண்டியை மெல்ல ஓட்டினேன். முந்தின வாரம்தான் ஸ்கேன் எடுத்திருந்தோம். ஒரே குழந்தை, நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

படப்பையிலிருந்து வாலாஜாபாத் போகிற வழி. ஒரகடம் தாண்டி ஒரு மண் சாலை பிரிந்தது. இன்று வியாபாரம் வேண்டாம், சும்மா சுற்றிப் பார்க்கலாம் என்றாள் ஷாரோன். திருப்பினேன்.

இப்போது கம்பெனிகள் நிற்கும் இடமெல்லாம் அன்று வெறும் பொட்டல். சின்ன ஊர். ஏரி வெடித்துக் கிடந்தது. ஒரே ஒரு டீக்கடை. கடைக்காரர் அப்பாவு, டீ ஆற்றிக்கொண்டே ஷாரோனின் வயிற்றைப் பார்த்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டோம்.

ஏரிக்கரையில் ஒரு சுமைதாங்கி. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக் கல். புதுசு. கல்லில் பூசிய மஞ்சள்கூட உதிரவில்லை. தலைச்சுமையை இறக்கி வைக்கத்தானே அதை நடுகிறார்கள்? பாத்திரக் கூடையோடு அலைகிற எங்களுக்கு எந்த ஊர் சுமைதாங்கியும் சாப்பாட்டு மேசைதான். டிபன் கேரியரை அதன்மேல் வைத்தேன். மணி 12.40.

மூடியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்ததும் குப்பென்று நாற்றம். காலையில் வடித்த சோறு. விரலால் எடுத்தால் எச்சில் மாதிரி நூல் விட்டது. ஒரு வாய் ஏற்கெனவே நான் விழுங்கியிருந்தேன்.

ஷாரோன் பலகைக் கல்லைப் பிடித்தபடி நின்றாள். அவள் வயிறு இரண்டு கல்லுக்கும் நடுவில் இருந்தது. சட்டென்று முகம் வெளுத்தது.

“ஏங்க... யாரோ தொடுறாங்க.”

குனிந்து பார்த்தேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஆனால் அவள் புடவையில், வயிற்றின்மேல்... ஈரம். ஐந்து விரல்.

துடைத்தேன். கொழகொழவென்று கையில் ஒட்டியது. பழைய ரத்தமும் புளித்த பாலும் கலந்த நாற்றம். சீ... அங்கேயே வாந்தியெடுத்தேன்.

அப்போது கேட்டது.

ஹ்ஹா...

பாரத்தை இறக்கி வைத்தவர்கள் விடுகிற பெருமூச்சு.

என் காதருகில்.

12.47.

அவளை இழுத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன். கை கழுவத் தண்ணீர் கேட்டேன். புடவையில் இருந்த கையடையாளத்தைப் பார்த்ததும் அப்பாவு சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

“புள்ளத்தாச்சிய அங்க நிக்க வெச்சியா? கர்ப்பத்தோட செத்தவளுக்கு நட்ட கல்லுப்பா அது. அவ பாரம் எறங்கட்டும்னு நடுறது.”

கடையைச் சாத்தினார்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் ஷாரோனைப் பரிசோதித்த நர்ஸ், துடிப்பு கேட்கும் குழாயை வயிற்றில் மாற்றி மாற்றி வைத்தார். டாக்டரைக் கூப்பிட்டார். துடிப்பு இரண்டு என்றார்கள். முதல் ஸ்கேனில் ஒன்று மறைந்திருக்கும் என்று டாக்டர் சமாதானம் சொன்னார்.

ஜூன் இரண்டாம் தேதி, இரண்டு பையன்கள். முதலாவது மாதம் நிறையாத பூஞ்சைக் குழந்தை, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். இரண்டாவது கொழுகொழுவென்று, தலை நிறைய முடி, வளர்ந்த நகம். இது பத்து மாதமும் நிறைந்த பிள்ளை மாதிரி இருக்கிறதே என்றார் நர்ஸ். ஷாரோன் இரண்டையும் ஒரேபோல அணைத்துக்கொண்டாள். என்னால் முடியவில்லை. இரண்டாமவனைத் தூக்கினால் குமட்டியது. பெற்ற அப்பன் இப்படிச் சொல்லலாமா? ஆனால் அதுதான் உண்மை.

மனசு கேட்காமல் ஆடியில் நான் மட்டும் அந்த ஊருக்குப் போனேன். அப்பாவுவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். இறந்தவளுக்கு எத்தனை மாதம்?

“பத்தாவது. நாள் தாண்டிப்போச்சு. அம்சவல்லி எம்பொண்ணுதாம்பா.” துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

“எம் பேரன் நல்லா கீறானா?”

எனக்குப் பிள்ளை பிறந்ததையே நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.