ரோமானியக் கிணற்றில் கிடைத்த செருப்புகள்

சால்பர்க் ரோமானியக் கோட்டையைப் பார்க்க ஆசைப்பட்டவள் என் மனைவி வித்யா. பனி விட்டதும் போகலாம் என்றிருந்தோம். பிப்ரவரியில் அவள் இறந்துவிட்டாள். 2007 மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் நான் மட்டும் கிளம்பினேன். வீட்டில் இருக்கவும் முடியவில்லை. கதவுக்கு வெளியே அவள் காலணிகள் அப்படியே கிடந்தன. படிக்கட்டில் எதுவும் வைக்கக் கூடாது, திங்கட்கிழமைக்குள் எடுத்துவிடுங்கள் என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார்.

நாங்கள் குடியிருந்த வால்டோர்ஃபிலிருந்து கோட்டை சுமார் 115 கி.மீ. பிராங்பர்ட்டில் ரயில் மாறி பாட் ஹோம்பூர்க்கில் இறங்கும்போது பேருந்து கண்ணெதிரே போய்விட்டது. டாக்சி கிடைத்தது. ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர்.

“தம்பி இந்தியாவோ? கோட்டைக்கு எத்தினை பேரை இறக்கியிருப்பன், ஒருநாளும் உள்ளுக்குப் போனதில்லை.”

“அப்ப வாங்கண்ணே, சேர்ந்தே பாத்துடலாம்.”

“உள்ளுக்குப் போற டிக்கெட்டுக்கு என்னட்டைக் காசு கேக்க மாட்டியள்தானே? வாறன்.”

நூறு வருடங்களுக்கு முன் பழைய அடித்தளத்தின் மேலேயே திருப்பிக் கட்டிய கோட்டை இது. இது காத்துநின்ற ரோமானியப் பேரரசின் எல்லை மொத்தம் ஐந்நூறு கி.மீ.க்கு மேல் நீள்கிறது. ஒரு காவல் கோபுரத்திலிருந்து அடுத்தது தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். கணினி வலையமைப்பில் வேலை செய்கிறவன் என்பதால் அந்தத் திட்டமிடலைப் பார்த்து அசந்துபோனேன். மூன்று மாதங்களில் முதல்முறையாக ஒன்றைக் கவனித்துப் பார்த்தேன்.

படைக்கொடிகளையும் தெய்வங்களையும் வைத்திருந்த அறை வாசலில் நாங்கள் இருவரும் பேசிவைத்தாற்போல் காலணியைக் கழற்றினோம். காவலர் பெண்மணி சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்ளச் சொன்னார்.

“சாமியறை எண்டா கால் தானாக் கழட்டுது, என்ன செய்ய?” என்றார் அண்ணன்.

அருங்காட்சியகத்தில் செருப்புகள். கோட்டையைச் சுற்றியிருந்த கிணறுகளின் சேற்றில் கெடாமல் கிடைத்த தோல் செருப்புகள். படைவீரர்களுடையவை மட்டுமல்ல, பெண்களுடையவை, குழந்தைகளுடையவையும். எதிரி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற எல்லையில் அமைதியாகக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். அந்த அமைதியை எந்தக் கோபுரமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

அண்ணன் கண்ணாடியை விட்டு நகரவில்லை. “ஊரில சண்டையில செல் குண்டடிச்ச காலம் நாங்கள் செருப்போடதான் படுக்கிறது, தம்பி. இவையள் செருப்பைக் கழட்டிப்போட்டு நிம்மதியா இருந்திருக்கினம். குடுத்துவைச்ச சனம்.” பிறகு, “மனுசியைக் கூட்டிக்கொண்டு வரேல்லையோ?” என்று கேட்டார்.

வித்யா இறந்ததைச் சொன்னேன். திரும்பும்போது அவர் ரயில் நிலையம்வரை மீட்டர் போடவில்லை.

ஞாயிறு காலை வித்யாவின் காலணிகளைத் துடைத்து, வீட்டுக்குள் என்னுடையவற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

போகிறவர்களுக்கு: வார இறுதியில் பேருந்து குறைவு, நேரம் பார்த்துப் போங்கள். கோட்டைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பழைய எல்லையை ஒட்டிய காட்டுப்பாதை ஈரமாக இருக்கும். நல்ல காலணி வேண்டும். இரண்டு பேராகப் போக முடியுமென்றால் பனி விடும்வரை காத்திருக்காதீர்கள்.