எனக்கு முன்னால் இருந்தவர்

அம்பத்தூரில் என் மகளுக்கு எல்.கே.ஜி. இடம் கேட்டிருந்த தனியார் பள்ளியில், காத்திருப்போர் பட்டியலில் நாங்கள் இரண்டாவது. முதலாவதாக இருந்த பையனின் அப்பாவைத் திங்கள்தோறும் பள்ளி வாசலில் பார்ப்பேன். ஒல்லியாக, உயரமாக இருப்பார். ஏதோ தொழிற்சாலையின் நீலச் சட்டை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் வண்டிக் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டு, சீப்பை என்னிடம் நீட்டுவார். என் முன்வழுக்கை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

“கீற முடிய சீவு சார். மேடம் மொதல்ல மூஞ்சியத்தான் பாக்கும்.”

உள்ளே போனால், தலைமையாசிரியையிடமிருந்து “இடம் இருந்தால் கூப்பிடுவோம்” என்ற அதே பதில்தான்.

ஒரு திங்கட்கிழமை சிரித்துக்கொண்டே சொன்னார்: “காட்டுப்பாக்கத்துல இன்னொரு ஸ்கூல்லயும் கேட்டுக்கீறேன் சார். அது கெடச்சா இங்க பேரை எடுத்துடுவேன். நீ உன் பொண்ணுக்கு வேண்டிக்காத, என் புள்ளைக்கு வேண்டிக்கோ. ரெண்டு பேர் வேலையும் முடிஞ்சிடும்.”

யோசித்துப் பார்த்தால் அது சரிதான். அன்று மாலை பிள்ளையார் முன் நின்றேன். பெயர் தெரியாததால், ‘சீப்புக்காரர் மகனுக்கு’ என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்த வாரமே பள்ளியிலிருந்து அழைத்தார்கள். ஓர் இடம் காலியாம். எங்களுக்கு முன்னால் இருந்தவர் வேண்டாம் என்றுவிட்டாராம்.

“ஏன்னு சொன்னாரா மேடம்?”

“சொல்லலையே சார்.”

மகள் இப்போது சந்தோஷமாகப் பள்ளிக்குப் போகிறாள். நானோ காட்டுப்பாக்கம் வழியாகப் போகும்போதெல்லாம், பள்ளி வாசல்களில் தலை சீவிக்கொண்டு நிற்கும் ஒரு நீலச் சட்டையைத் தேடுகிறேன்.