கட்டுப் போட்ட கணினி

மருத்துவமனைப் பணிப்பதிவேட்டில் அவரைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு: "கணினி அறிவு: இல்லை. தொழில்நுட்பப் பணிகளுக்கு உகந்தவர் அல்லர்." எழுதியவர் அவரிடம் எதையும் கேட்டுவிட்டு எழுதவில்லை.

இருபத்தாறு வருஷமாகப் புண்களுக்குக் கட்டுப் போடும் செவிலி அவர். சீழுக்கும் அழுகலுக்கும் முகம் சுளித்ததில்லை. மூக்கைப் பொத்தும் உறவினர்களைத்தான் வெளியே அனுப்புவார். அப்படிப்பட்டவருக்குக் குமட்டலை உண்டாக்கியது ஒரு கைப்பேசி.

படுத்த படுக்கையாகக் கிடந்து காலமான தன் அம்மாவின் முதுகுப் புண்ணை, டாக்டருக்குக் காட்டத் தினமும் படமெடுத்திருந்தார். கைப்பேசிப் படங்களைத் தானாகவே வாங்கி வைத்துக்கொள்ளும் நிறுவனம் ஒரு வருஷம் கழித்து அவற்றை வரிசையாகக் கோத்து, துள்ளல் இசை சேர்த்து, மேலே வண்ணக் காகிதம் தூவி, 'இனிய நினைவுகள்' என்று அனுப்பிவைத்தது. காலைச் சாப்பாடு தட்டோடு தொட்டிக்குப் போயிற்று.

கணவரின் தம்பி கணினி பழுதுபார்க்கிறவர். அறிவிப்பை நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்றார்.

"மேல கட்ட மாத்திட்டா உள்ள இருக்கிற சீழ் போயிடுமா தம்பி? எங்கம்மா முதுகு எவனோ ஒருத்தன் அலமாரில எதுக்கு இருக்கணும்?"

"அப்போ படத்தையெல்லாம் சேத்து வெக்க வீட்டுலயே சொந்தமா ஒரு சர்வர் வெச்சுக்கோங்க அண்ணி. பழைய லேப்டாப் ஒண்ணு சும்மாதான் கிடக்கு. ஆனா உங்களால முடியாது."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

லேப்டாப்பைப் பிரித்தால் உள்ளே கரப்பான் முட்டை. விசிறியில் எண்ணெய்ப் பிசுக்கும் தலைமுடியும். கொழுந்தனார் மூன்று வருஷம் அதன் மேலேயே சாப்பிட்டிருக்கிறார். வார்டில் எந்த நோயாளியும் இவ்வளவு மோசமாக வந்து சேர்ந்ததில்லை. இடுக்கி, பஞ்சு, ஸ்பிரிட் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பிறகு, மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பதுபோல இணையத்தில் கிடைத்த செய்முறையை வரிக்கு வரி விரல் வைத்துப் படித்து, லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினார். படங்களைச் சேமிக்கும் மென்பொருளையும் ஏற்றினார். மூன்றாவது தடவையில் வேலை செய்தது.

இனி ஒரு தூசி படக்கூடாது என்று, கொதிக்கவைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துணியால் அதை இறுகச் சுற்றினார். நிறுவனத்திடமிருந்து படங்கள் பாதி இறங்கும்போது அணைந்துவிட்டது. மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது. அம்மா பாதி அங்கே, பாதி இங்கே. வேறு வழியின்றிக் கொழுந்தனாரைக் கூப்பிட்டார். வந்தவர் துணியைத் தொட்டுக் கையை உதறினார்.

"இதுக்குப் புண்ணு ஒண்ணும் இல்ல அண்ணி. மூச்சு முட்டுது. கட்டப் பிரிங்க."

பிரித்ததும் ஓடியது. வெளியே இருக்கும்போதும் பார்க்கிறாற்போல இணையத்தில் திறந்துவிடட்டுமா என்று கொழுந்தனார் கேட்டார்.

"வேணாம். அம்மா வீட்டோடயே இருக்கட்டும்."

நிறுவனத்திடம் அழிக்கச் சொன்னபோது, அழித்தவை முப்பது நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும் என்று பதில் வந்தது. வார்டில் கழற்றிய கட்டு அன்றைக்கே எரிக்கப் போய்விடும், இவர்கள் ஊறவைப்பார்களாம்.

அவர் வீட்டு லேப்டாப்பில் அம்மாவின் படங்கள் எழுபத்து மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தார், தனி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்தார், அந்தக் குப்பைத்தொட்டியையும் காலி செய்தார், நிறுவனத்தின் கணக்கை மூடினார், கை கழுவிக்கொண்டு வேலைக்குப் போனார்.